ஒரே கொய்யா, மூன்று மூக்கு

கேள்வி: எங்கள் வீட்டில் பழுத்த கொய்யா வந்தாலே சண்டைதான். எனக்கு அது வியர்வையில் ஊறிய துணி மாதிரி நாறுகிறது. சில நாள் பூனை மூத்திரம் மாதிரியே இருக்கும், கூடவே தலைவலியும் வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே எனக்கு இப்படித்தான். என் கணவரோ வாசலிலேயே மூச்சை இழுத்து, "ஆகா, என்ன வாசம்!" என்கிறார். அத்தைக்கு 71 வயது. அவருக்கு எந்த வாசனையும் தெரியவில்லையாம். "முன்னெல்லாம் ஒரு பழம் இருந்தாலே வீடு மணக்கும், ரெண்டு வருஷமா பழத்தில் ஒன்றுமே இல்லை" என்கிறார். எட்டு வயது மகள் என் கட்சி. இதில் வேடிக்கை என்னவென்றால், குளிரவைத்து நறுக்கிக் கொடுத்தால் நானே நன்றாகச் சாப்பிடுகிறேன்! அதைப் பார்த்துவிட்டு, நான் வேண்டுமென்றே முகம் சுளிக்கிறேன் என்று கணவர் நினைக்கிறார். கோளாறு என் மூக்கிலா, மனதிலா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரிக்கு வணக்கம். உங்கள் மூக்கிலும் கோளாறு இல்லை, மனதிலும் இல்லை. நீங்கள் நடிக்கவில்லை. உங்கள் கணவரும் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. உங்கள் இருவர் மூக்குக்கும் எட்டுவது உண்மையிலேயே வேறு வேறு வாசனை. காது மூக்கு தொண்டை மருத்துவராக இருக்கும் நான், இந்த ஒரு விஷயத்தைக் குடும்பங்களுக்குப் புரியவைக்கப் பல மணி நேரம் செலவழித்திருக்கிறேன். கண் பார்வை ஆளுக்கு ஆள் மாறும் என்றால் யாரும் வாதாடுவதில்லை. மூக்கும் அப்படித்தான் என்றால் மட்டும் நம்ப மறுக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்குக் கவலை தந்தது. அது உங்கள் மாமியாரைப் பற்றிய வரி. அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன், தயவுசெய்து அதுவரை படியுங்கள்.

முதலில் பழத்தைப் பார்ப்போம். கொய்யா வாசம் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. பல பொருட்கள் சேர்ந்து ஆவியாகி மூக்குக்கு வருவதைத்தான் அந்தப் பெயரால் சொல்கிறோம். அதில் புல்லை வெட்டியதும் எழும் பச்சை வாசத்தைத் தரும் ஆல்டிஹைடுகள் இருக்கின்றன. பழத்துக்கே உரிய இனிப்பு வாசம் எஸ்டர்களால் வருகிறது. சர்க்கரையைப் பாகு காய்ச்சும்போது வருவது போன்ற மணம் கொண்ட ஃபியூரனியால் உண்டு, ஸ்ட்ராபெர்ரியிலும் அன்னாசியிலும் இருக்கும் அதே பொருள். இலவங்கப்பட்டை வாசனைக்குச் சொந்தக்காரப் பொருட்களும் கொஞ்சம் உண்டு. இவற்றோடு மிக மிகச் சிறிய அளவில் கந்தகம் கலந்த சேர்மங்கள் இருக்கின்றன. வேதியியலில் இவற்றைத் தயோல் என்பார்கள். காய் பழுக்கப் பழுக்கப் பச்சை வாசம் குறைகிறது, எஸ்டர் கூடுகிறது. அதனால்தான் நேற்று மணக்காத பழம் இன்று அறையையே நிறைக்கிறது.

உங்கள் பிரச்சினை பெரும்பாலும் அந்தக் கந்தகத்தில்தான் இருக்கிறது. கொய்யாவில் உள்ள முக்கியமான தயோல் ஒன்றின் பெயர் 3-சல்ஃபனைல்ஹெக்சனால். பெயரை மறந்துவிடுங்கள், அதன் உறவுக்காரரை மட்டும் நினைவில் வையுங்கள். நம் அக்குள் வியர்வையைப் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது ஒரு தயோல் உண்டாகிறது. வியர்வை நெடிக்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்த மூலக்கூறுக்கும் கொய்யாவில் இருப்பதற்கும் ஒரே ஒரு மெதில் தொகுதிதான் வித்தியாசம், அதாவது ஒரு கார்பனும் அதைச் சேர்ந்த ஹைட்ரஜன்களும். பூனை மூத்திரத்தின் நெடிக்கும் தயோல் வகைப் பொருள்தான் காரணம். "வியர்வைத் துணி, பூனை மூத்திரம்" என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. வேதியியல் தெரியாமலே மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள்! உங்கள் மூக்கு கற்பனை செய்யவில்லை. பழத்துக்குள் இருக்கும் ஒரு பொருளை அது அடையாளம் கண்டு சொல்கிறது.

அப்படியானால் உங்கள் கணவருக்கு அது ஏன் தெரியவில்லை?

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, அளவு. இந்தத் தயோல்கள் கொஞ்சமாக இருந்தால் அருமையான பழ வாசம், அளவு கூடினால் அதே பொருள் வியர்வையாகவும் பூனையாகவும் மாறிவிடும். ஒரே பொருள்தான், ஆனால் ஒரு கோட்டைத் தாண்டியதும் வேறு முகம் காட்டுகிறது. உங்கள் மூக்கு இந்த வகைப் பொருளுக்கு அதிகக் கூர்மை உள்ளதாக இருந்தால், உங்கள் கணவர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று ரசிக்கும் நேரத்தில் நீங்கள் அந்தப் பக்கம் போயிருப்பீர்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. மூக்கின் கூரையில், இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள உயரத்தில், வாசனை நரம்புகள் விரிந்திருக்கும் ஒரு சிறிய சவ்வு இருக்கிறது. அந்த நரம்புகளின் நுனியில், வாசனைப் பொருளைப் பிடித்து நரம்புக்குச் செய்தி சொல்லும் வாசனை ஏற்பிகள் இருக்கின்றன. மனிதரிடம் வேலை செய்யும் ஏற்பி வகைகள் சுமார் 400. இவற்றை உருவாக்கும் மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் என்ற இருவர் 1991இல் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2004இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த 400ஐயும் எழுத்துகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாசனைப் பொருள் வந்ததும் சில ஏற்பிகள் விழித்துக்கொள்கின்றன. எந்தெந்த எழுத்துகள் சேர்ந்தன என்பதைப் பார்த்து மூளை அதை ஒரு சொல்லாக வாசிக்கிறது. மணம் என்பதில் ஓர் எழுத்தை மாற்றினால் மனம் ஆகிவிடுகிறதே, அதுபோல ஏற்பிகளில் ஒன்று வேலை செய்யாவிட்டாலும், அல்லது அளவுக்கு மேல் வேலை செய்தாலும், மூளை வாசிக்கும் சொல் வேறாகிவிடும்.

இந்த எழுத்துகள் எல்லோரிடமும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் விஷயம். எந்த இரண்டு பேரை எடுத்துக்கொண்டாலும், அவர்களுடைய வாசனை ஏற்பிகளில் சராசரியாக 30 சதவீதம் வேலை செய்யும் விதத்தில் வேறுபடும் என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நூற்றுக்கு முப்பது! ஒரே கூரையின் கீழ் இருபது ஆண்டுகள் வாழ்ந்தாலும் கணவன் மனைவிக்கு இது ஒன்றாகிவிடாது.

இதற்கு நல்ல உதாரணம் பீட்டா-அயோனோன். வயலட் பூவிலும் ராஸ்பெர்ரி போன்ற பழங்களிலும் உள்ள பொருள் இது. சிலருக்கு இது மென்மையான பூ வாசமாகத் தெரிகிறது, சிலருக்கு வினிகர் மாதிரிப் புளித்த நெடியாகத் தெரிகிறது. இந்த வேறுபாட்டின் பெரும்பகுதியை ஒரே ஒரு ஏற்பி மரபணுவில் உள்ள மாற்றம் தீர்மானிக்கிறது என்று நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். அதற்கு முன், 2007இல், வியர்வையில் உள்ள ஆண்ட்ரோஸ்டினோன் என்ற பொருளுக்கும் இதேபோல ஒரு மரபணு அடையாளம் காணப்பட்டது. அந்தப் பொருளை முகர்ந்தால் சிலருக்கு மூத்திர நெடி, சிலருக்கு வெனிலா போன்ற இனிமை, சிலருக்கு ஒன்றுமே இல்லை. உங்கள் வீட்டுக் கொய்யாக் கதையின் மூன்று பாத்திரங்களும் அதில் இருக்கிறார்கள், பாருங்கள்.

இந்தச் சண்டையும் புதிதல்ல. ஆல்பர்ட் பிளேக்ஸ்லி என்ற அமெரிக்கத் தாவரவியலாளருக்கும் அவருடைய உதவியாளருக்கும் வெர்பினா பூக்களைப் பற்றி ஒத்துப்போகவில்லை. எந்த நிறச் செடியின் பூ மணக்கிறது, எது மணக்கவில்லை என்பதில் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார். பிளேக்ஸ்லி அதைச் சண்டையாக விடாமல் பலரை முகரச் சொல்லிப் பார்த்து, மனிதருக்கு மனிதர் மூக்கு வேறு என்று 1918இல் எழுதினார். அந்தப் பூந்தொட்டிக்கு முன் நின்று இரண்டு பேர் மாறி மாறி முகர்ந்திருப்பதை நினைத்துப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும்.

நம் மொழியிலேயே ஒரு சான்று இருக்கிறது. பழைய தமிழில் நாற்றம் என்றால் வாசனைதான், பூவின் நறுமணத்தைக்கூட நாற்றம் என்றே சொன்னார்கள். இன்று அந்தச் சொல்லைக் கேட்டாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். மணத்துக்கும் நாற்றத்துக்கும் நடுவில் உள்ள சுவர் அவ்வளவு மெல்லியது.

சரி, எல்லாமே மரபணுதானா என்றால், இல்லை. வாசனை நரம்பின் செய்தி, உணர்ச்சிகளையும் நினைவுகளையும் கையாளும் மூளைப் பகுதிகளுக்கு மிகக் குறுக்கு வழியில் போய்ச் சேர்கிறது. அதனால் அனுபவம் இதில் நிறையக் கலக்கிறது. ஒரு முறை ஏதோ ஒரு பழத்தைச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுத்தால், பழத்துக்கும் வாந்திக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும், பல ஆண்டுகள் அந்த வாசனையே குமட்டும். பெயருக்கும் பங்கு உண்டு. 2001இல் வெளியான ஒரு பரிசோதனையில், ஐசோவலேரிக் அமிலமும் பியூட்டிரிக் அமிலமும் சேர்ந்த ஒரே கலவையை ஒரு முறை பாலாடைக்கட்டி என்றும் இன்னொரு முறை வாந்தி என்றும் சொல்லி முகரக் கொடுத்தார்கள். பாலாடைக்கட்டி என்றபோது பிடித்தது, வாந்தி என்றபோது அதே புட்டி அருவருத்தது.

இதை உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம் உங்கள் மகள். அவள் உங்களிடமிருந்து அதே ஏற்பியைப் பெற்றிருக்கலாம். அல்லது, பழத்தைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறுவதைப் பார்த்துப் பழகியிருக்கலாம். குழந்தைகள் முகத்தைப் பார்த்தே பாதி ருசியைக் கற்றுக்கொள்கிறார்கள். அவள் முன்னால் "சீ" என்று சொல்லாமல் அறையை விட்டு நகர்ந்துவிடுங்கள். அவள் மூக்கு என்ன சொல்கிறதோ அதை அவளே கண்டுபிடிக்கட்டும். இன்னும் சில ஆண்டுகளில் அவள் அப்பா கட்சிக்குத் தாவினாலும் ஆச்சரியமில்லை.

அப்புறம், குளிரவைத்து நறுக்கினால் சாப்பிட முடிகிறதே, அது எப்படி? இதை வைத்துத்தான் உங்கள் கணவர் உங்களைச் சந்தேகிக்கிறார் போல. உண்மையில் இது உங்கள் பக்கச் சாட்சி. குளிர்ந்த பழத்திலிருந்து வாசனைப் பொருட்கள் குறைவாகத்தான் ஆவியாகும். அளவு குறைந்ததும் தயோல் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. அதோடு, மூக்கு வழியாக உள்ளே இழுக்கும் வாசனையும், மெல்லும்போது தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் வாசனையும் மூளைக்கு ஒன்றல்ல. பின்வழியாக வருவதை நாக்கின் இனிப்போடும் புளிப்போடும் சேர்த்து ருசி என்று மூளை எடுத்துக்கொள்கிறது. தூரியன் பழத்தின் நெடியைத் தாங்க முடியாதவர்கள்கூட வாயில் போட்டதும் ரசிப்பது இதனால்தான்.

இதை வீட்டிலேயே செய்து பாருங்கள், கணவரையும் மகளையும் கூட உட்காரவைத்து. மூக்கை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டுப் பழத்தை வாயில் போட்டு மெல்லுங்கள். இனிப்பு தெரியும், லேசான புளிப்பு தெரியும், விதை பல்லில் படுவது தெரியும். ஆனால் அது கொய்யாவா ஆப்பிளா என்று சொல்லத் திணறுவீர்கள். விழுங்குவதற்கு முன் விரல்களை எடுங்கள். அந்த நொடியில் கொய்யா வாய் முழுக்க வந்து நிற்கும். என் அறையில் இதைச் செய்து பார்க்கும் பெரியவர்கள் எல்லோரும் கண்ணை அகல விரிப்பார்கள், ஒருவர்கூட விதிவிலக்கில்லை.

கணவர் பக்கம் இன்னொரு சின்ன விஷயம். ஒரே வாசனையில் சில நிமிடங்கள் உட்கார்ந்தால் மூக்கு அதைக் கேட்பதை நிறுத்திவிடும். பழத்தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது அடங்கிப்போய்விடுகிறது. வேலையாக உள்ளே வந்து போகும் உங்களுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக முகத்தில் அடிக்கிறது. அவருக்கு இது புரிந்தால் பாதிச் சண்டை தீரும். இந்தப் பதிலை அவரிடமே படிக்கக் கொடுங்கள்.

தலைவலியை மட்டும் லேசாக விடாதீர்கள். சில வாசனைகள் ஒற்றைத் தலைவலியைத் தூண்டும். தலைவலியோடு வெளிச்சம் கூசுகிறதா, குமட்டுகிறதா, வேறு கடுமையான வாசனைகளுக்கும் வருகிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால் ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், நல்ல மருந்துகள் இருக்கின்றன. பழத்தைப் பொறுத்தவரை, முழுக்கக் கனிவதற்கு முன், சற்றே நெகிழும் பதத்திலேயே இறுக மூடும் டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மூடிய டப்பாவை வெளியிலேயே விட்டுவிட வேண்டாம். பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளேயே தங்கி இன்னும் வேகமாகக் கனியவைக்கும், மூடியைத் திறக்கும்போது உங்களுக்குத்தான் கஷ்டம்.

உங்களைப் போலச் சின்ன வயதிலிருந்தே ஒரு வாசனை பிடிக்காமல் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நேற்று வரை நன்றாக இருந்த வாசனை திடீரென்று மாறினால்தான் நாங்கள் உஷாராவோம். கொரோனாவுக்குப் பிறகு அப்படிப் பலர் வந்தார்கள். ஒரு இளம்பெண் வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "டாக்டர், இது எரிந்த ரப்பர் மாதிரி இருக்கிறது, காபியும் அப்படியே இருக்கிறது, நான் என்னத்தைத்தான் சாப்பிடுவது" என்று அழுதார். வாசனை நரம்புகள் சேதமாகி, மறுபடி வளரும்போது தாறுமாறாக இணைவதால் இப்படி ஆகிறது. நல்லவேளையாக இந்த நரம்புகள் வாழ்நாள் முழுக்கப் புதுப்பித்துக்கொள்ளும் வகை. மாதங்கள் ஆனாலும் பெரும்பாலோருக்குச் சீராகிவிடுகிறது.

இப்போது உங்கள் மாமியாருக்கு வருகிறேன்.

"ரெண்டு வருஷமா பழத்தில் ஒன்றுமே இல்லை" என்று அவர் சொல்கிறார். அதே பழம் உங்களை அறையை விட்டு விரட்டுகிறது. அப்படியென்றால் பழம் மாறவில்லை, அவருடைய மோப்பம் குறைந்திருக்கிறது. மெல்ல மெல்ல வாசனை போனவர்களில் பலர் தங்களுக்குப் போய்விட்டது என்று உணர்வதில்லை. பழம் சரியில்லை, சமையலில் ருசி இல்லை, காபியில் மணம் இல்லை என்றுதான் சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்கள் அதைப் பெரியவர்களின் அலுப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். 65 முதல் 80 வயது வரை உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மோப்பம் கணிசமாகக் குறைந்திருக்கிறது என்று 1984லேயே ஒரு பெரிய ஆய்வு காட்டியது. எனவே இது அரிதான ஒன்றல்ல. ஆனால் வயதுதான் காரணம் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. மூக்கில் சதை வளர்ந்திருக்கலாம், சைனஸ் இருக்கலாம், ஏதாவது வைரஸ் காய்ச்சல் வந்து போயிருக்கலாம், எப்போதோ விழுந்து தலையில் அடிபட்டிருக்கலாம், சாப்பிடும் மருந்துகளில் ஒன்று காரணமாக இருக்கலாம். இவற்றில் சிலவற்றைச் சரிசெய்ய முடியும். சில நரம்பு நோய்களின் ஆரம்ப அறிகுறியாகவும் மோப்பக் குறைவு வரும் என்பதால், மருத்துவர் அவரை ஒரு முறை முழுமையாகப் பார்ப்பது நல்லது.

எனக்கு உடனடிக் கவலை வேறு. சமையல் எரிவாயுவுக்குத் தானாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே அதில் எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். அதுவும் ஒரு தயோல்தான், உங்கள் கொய்யாவில் உங்களைத் துரத்தும் அதே குடும்பம். பழுத்த கொய்யாவே தெரியாத ஒருவருக்கு எரிவாயுக் கசிவு தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். அவர் பகலில் தனியாக இருந்து அடுப்பு பற்றவைப்பவர் என்றால், கசிவைக் காட்டும் ஒலிக்கருவி ஒன்றை இந்த வாரமே பொருத்திவிடுங்கள். அதற்கு மருத்துவரைப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டாம். கெட்டுப்போன பாலும் மீந்த சாப்பாடும் அவருக்கு மூக்கால் தெரியாது. ஆகவே எப்போது செய்தது என்று டப்பாவின் மேல் எழுதி ஒட்டுங்கள்.

மருத்துவரிடம் போவதற்கு முன் வீட்டில் ஒரு எளிய சோதனை செய்யலாம். அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒரு பக்க மூக்கை அடைத்து, காபித்தூள், சோப்பு, கிராம்பு மூன்றையும் ஒவ்வொன்றாக முகரக் கொடுங்கள். பிறகு அடுத்த பக்கம். தைலமோ மென்தாலோ அமோனியாவோ கொடுக்காதீர்கள். அவற்றின் குளிர்ச்சியையும் எரிச்சலையும் முகத்தின் தொடு உணர்ச்சி நரம்பே உணர்ந்துவிடும். "தெரிகிறதே!" என்று அவர் சொல்வார், நாம் ஏமாந்துவிடுவோம். கேட்கும்போது பரீட்சை வைப்பது போல் கேட்காதீர்கள். இத்தனை நாள் "பழம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, குறை தன்னிடம் என்று தெரிவது வருத்தமாக இருக்கும். மகளையும் கூட்டிச் சேர்த்து எல்லோரும் மாறி மாறிக் கண்ணைக் கட்டி முகர்ந்து பாருங்கள், அவருக்கும் இலகுவாக இருக்கும்.

மோப்பம் குறைந்தது உறுதியானால், சிகிச்சையோடு முகர்தல் பயிற்சியும் உண்டு. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என நான்கு வாசனைகளை, தினம் காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் சில நொடிகள் முகர வேண்டும். குறைந்தது 12 வாரம். 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டனைச் சேர்ந்த மருத்துவர்கள் இந்த முறையைச் சோதித்து வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்க என்னைப் போன்ற மருத்துவர்கள் பரிந்துரைப்பது இதைத்தான். வெறுமனே முகர்ந்தால் போதாது, முகரும்போது அந்த வாசனையை நினைவிலிருந்து வரவழைக்க முயல வேண்டும். அவருக்கு அது கஷ்டமாக இருக்காது, வீடே மணந்த கொய்யாவை இன்னும் மறக்காதவர் அவர்.

சோதனையில் ஒவ்வொரு பக்க மூக்கிலும் எது தெரிந்தது, எது தெரியவில்லை என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அவர் தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலோடு அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.